நாணைக் கவ்வும் இடம்

இடது கை விரல்கள் அம்பைப் பிடித்து மெல்ல உருட்டிக்கொண்டிருந்தன. வலது கையின் கட்டைவிரல் நகம் இறகின் அடித்தண்டில் முன்னும் பின்னும் ஓடி, பசை எங்கேயாவது தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று தேடியது. இல்லை. அம்பு திரும்பியது. அடுத்த இறகு. அங்கேயும் இல்லை. மூன்றாவது இறகு மட்டும் மஞ்சள். மற்ற இரண்டும் வெள்ளை. அதன் நுனியில் சுற்றியிருந்த மெல்லிய நூல்கட்டை நகம் அழுத்திப் பார்த்தது. கட்டு அசையவில்லை. அம்பை மேசைமேல் வைத்த விதத்தில்தான் கோபம் தெரிந்தது. வைக்கவா செய்தது அந்தக் கை, அறைந்தது. கத்தரியும் பசைக் குப்பியும் ஒரு துள்ளு துள்ளி அடங்கின.

"அம்பு ஒடைஞ்சா நான் பொறுப்பில்ல" என்றார் ஜலால், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "மேசை ஒடைஞ்சாலும் நான் பொறுப்பில்ல."

"நீங்க எதுக்குத்தான் பொறுப்பு?"

"சாப்பாட்டுக்கு. பசிக்குது ரூமானா."

"அடுப்பு மேல இருக்குது. போட்டுக்குங்க."

ஜலால் கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். மீன்பிடி சாமான் கடை. வலை, கயிறு, நூல், தூண்டில் முள். முல்லா வீதியில் அவருடைய அத்தா நடத்தியது, இப்போது அவர் நடத்துகிறார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, தட்டைத் தானே எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் உட்கார்ந்தார். நேற்று தோப்பில் நடந்ததை ரூமானா இரவே சொல்லியிருந்தாள். சொல்லும்போது குரல் ஒரே மட்டத்தில் இருந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. கத்தினால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நடந்தது இதுதான். தவளக்குப்பம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பை வில் கிளப்பு குத்தகைக்கு எடுத்திருக்கிறது. வேட்டைக்காரர்கள் எய்கிற மாதிரி, குறிபார்க்கும் கருவி எதுவும் மாட்டாத மரவில்லோடு மரங்களுக்கு நடுவே நடந்து நடந்து எய்வார்கள். உயிருள்ள எதையும் எய்யச் சட்டம் விடாது, யாருக்கும் அந்த ஆசையும் இல்லை. ஃபோமில் செய்த மானும் காட்டுப்பன்றியும் தோப்பில் அங்கங்கே நிற்கும். அதில் கிளப்பிலேயே கெட்டிக்காரி சரிதா. அரியாங்குப்பத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. வருகிற ஞாயிற்றுக்கிழமை தேசியப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள். சரிதா பெயர் வராமல் யார் பெயர் வரும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கென்றே புது அம்புகள் கேட்டாள். ரூமானா செய்து கொடுத்தாள்.

நேற்று அந்த அம்புகள் முதல் தடவையாகத் தோப்புக்கு வந்தன. முதல் அம்பு மானின் முதுகுக்கு மேலே பறந்து சவுக்கு மரத்தில் குத்தியது. அடுத்தது நெஞ்சில் பாய்ந்தது. அதற்கடுத்தது வயிற்றுக்குக் கீழே மண்ணில் புதைந்தது. ஒரே கை, ஒரே இழுப்பு, ஒவ்வொரு அம்பும் ஒவ்வொரு பக்கம். பன்றியிடம் போனார்கள், அங்கேயும் அதே கதை. சரிதா வில்லைத் தாழ்த்தினாள். ரூமானா பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தாள்.

"அக்கா, வில்லும் அதே வில்லு, கையும் அதே கை. புதுசா வந்தது உங்க அம்பு மட்டும்தான்."

"நிதானமா எய்து பாரு. அவசரப்படற."

"நானா அவசரப்படறேன்?" சரிதாவின் குரல் தோப்பு முழுக்கக் கேட்டது. "தூண்டில் கட்டற வீட்டுல அம்பு கட்டுனா இப்படித்தான் இருக்கும். மீன் வந்து மாட்டும்னு ஒக்காந்திருக்க வேண்டியதுதான்."

யாரோ சிரித்தார்கள். கிளப்பின் பயிற்சியாளர் கோபிநாத் நடுவில் வந்தார். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கையால செய்யறதுல முன்னப் பின்ன இருக்கத்தான் செய்யும். மழையும் வரப்போவுது, இறகு நனைஞ்சா படுத்துடும். நான் ரொம்ப நாளா யோசிச்சுட்டுத்தான் இருக்கேன். கிளப்புக்கே மொத்தமா ரெடிமேட் அம்பு வாங்கிடலாம். யார் மேலயும் பழி வராது பாருங்க."

ரூமானா அவரைத் தாண்டிப் போனாள். சரிதாவின் தோளிலிருந்த அம்புக்கூட்டை வாரோடு பிடித்து இழுத்தாள்.

"குடு இங்க."

"ஐயோ, செலக்‌ஷனுக்கு எனக்கு அம்பு?"

"வரும்."

அந்த ஒரு வார்த்தையோடு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அம்பு நேராகப் போக வேண்டும். போகாவிட்டால் சரிதாவுக்கு இந்த வருஷம் போச்சு. ரூமானாவுக்கு அந்தத் தோப்பே போச்சு. கிளப்பில் அத்தனை பேர் தோளிலும் தொங்குவது அவள் கை அம்பு. அத்தனையும் ஒரே நாளில் ரெடிமேடாக மாறும். கூடவே, தூண்டில் கட்டுகிற வீடு என்ற பேச்சும் அங்கேயே நிலைத்துவிடும்.

அந்தப் பேச்சுதான் அவளைக் குத்தியது. ஏனென்றால் அது பொய்யில்லை. தூண்டில் கட்டிய கைதான் இது.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், மாமியார் கனீஸ் பாத்திமா ஒரு டப்பா தூண்டில் முள்ளையும் ஒரு உருண்டை நைலான் நரம்பையும் முன்னால் வைத்து, "கை சும்மா இருந்தா வாய் பேசும்" என்று சொல்லிவிட்டுப் போனார். முள்ளின் காம்பில் நூலைச் சுற்றி, முடிச்சே வெளியே தெரியாமல் வாலைச் சுற்றுக்குள் இழுத்து மறைக்க வேண்டும். முடிச்சு புடைத்தால் மீன் தொடாது. வைத்திக்குப்பத்து மீனவர்கள் கடைக்கு வந்து, விரல் நுனியால் தடவிப் பார்த்து, புடைத்திருந்தால் முகத்துக்கு நேரே தூக்கிப் போடுவார்கள். ரூமானா அப்படித் தூக்கிப் போட்டதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து, பிரித்து, எங்கே புடைத்தது என்று பார்த்து, மறுபடி கட்டினாள். கொஞ்ச காலத்தில் அவர்கள் தடவிப் பார்ப்பதை விட்டார்கள். "பாய் வீட்டுக் கட்டு" என்று கேட்டு வாங்கினார்கள்.

கோபிநாத் ஒருநாள் கடைக்கு வந்தது நாணுக்கு நூல் தேடித்தான். நாணின் நடுவில், அம்பு வந்து உட்காருகிற இடத்தில் சுற்றியிருந்த நூல்கட்டு பிரிந்து தொங்கியது. ஜலால் அதை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். ரூமானாவுக்கு அது புது வேலையாகவே தெரியவில்லை. காம்பு இல்லாத தூண்டில், அவ்வளவுதான். மறுநாள் வந்து பார்த்த கோபிநாத் இன்னும் சில நாண்களைக் கொண்டுவந்தார். பிறகு இறகு பிய்ந்த அம்புகளைக் கொண்டுவந்தார்.

அம்பு அப்படி எளிதாகப் படியவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க இந்த ஊரில் ஆளும் இல்லை. போன் வீடியோவைப் பார்த்தாள். அதில் இருப்பவன் காட்டிய இறகு இங்கே கிடைக்காது. கோழி இறகு வைத்துப் பார்த்தாள், காற்றில் மடங்கியது. வாத்து இறகு எண்ணெய்ப் பிசுக்கில் பசையை உதறியது. பிளாஸ்டிக் இறகு ஒட்டினாள். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் இந்த வில்லில் அம்பு வில்லின் கைப்பிடி மேலேயே உரசிக்கொண்டு போகிறது. பிளாஸ்டிக் அங்கே முட்டி அம்பை உதைத்துத் தள்ளியது. பறவையின் இறகு படுத்து, தாண்டி, மறுபடி எழுந்து நிற்கிறது. கடைசியில் வான்கோழியின் சிறகு இறகுதான் சரியாக வந்தது. அதிலும் இடது சிறகு ஒரு பக்கம் வளையும், வலது சிறகு மறுபக்கம் வளையும். ஒரே அம்பில் இரண்டையும் கலந்தால், ஒன்று ஒரு பக்கம் சுழற்ற, இன்னொன்று எதிர்ப்பக்கம் இழுக்கும். இதைக் கண்டுபிடிக்க அவள் வீணாக்கிய அம்புகளைச் சுமந்தால் தோள் வலிக்கும்.

அந்த வான்கோழிகளை வளர்ப்பது யார் என்றால், சரிதாவின் அம்மா அமிர்தவல்லி. அரியாங்குப்பத்தில் வீட்டுக்குப் பின்னால் கொல்லை, அதில் பத்துப் பதினைந்து பறவை. உதிர்ந்த இறகைப் பொறுக்கி, இடது தனி, வலது தனியாக மூட்டை கட்டி வைப்பாள். அவள் வீட்டு இறகு, இவள் வீட்டுக் கட்டு. அந்த வீட்டுப் பெண்தான் நேற்று அப்படிப் பேசினாள்.

ஜலால் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"கண்டுபிடிச்சியா?"

"இறகு சரி. பசை சரி. எல்லாம் ஒரே சிறகு. நகத்து மேல வெச்சுச் சுத்திப் பார்த்தேன், தண்டு ஒண்ணும் வளையல. எல்லாம் சரின்னா அது ஏன் அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு போவுது? சொல்லுங்க."

"எனக்கு என்னா தெரியும்? நான் தூண்டில்காரன்."

அவள் முறைத்தாள். 

இனிப் பார்க்க மிச்சமிருந்தது வால் முனை மட்டும்தான். அம்பின் வாலில், நாணைக் கவ்விக்கொள்ள ஒரு சின்னப் பிளாஸ்டிக் பிளவு இருக்கும். கிளப்பில் அதை நாக் என்பார்கள். ரூமானா கவ்வி என்பாள். அது வெளியிலிருந்து வாங்குவது. பல அளவில் வரும். நாணுக்கு எது சரியோ அதை எடுத்துச் செருகுவதுதான் அவள் வேலை. எல்லாக் கவ்வியும் அவளே பார்த்துச் செருகியது. அதில் தப்பு இருக்காது என்று அவள் அதைக் கடைசிக்கு விட்டிருந்தாள்.

சுவரில் ஒரு பழைய வில் தொங்கியது. சரிதாவின் நாணில் எந்த நூலோ, அதே நூலால் அதே தடிமனில் இதிலும் சுற்றியிருந்தாள், அளவு பார்ப்பதற்காகவே. வில்லைப் படுக்க வைத்துப் பிடித்து, ஓர் அம்பின் கவ்வியை நாணில் மாட்டி, அம்பைத் தலைகீழாகத் தொங்கவிட்டாள். தானாக விழக்கூடாது. நாணை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் விழ வேண்டும். அதுதான் கவ்வியின் கணக்கு. விடும்போது நாணைச் சட்டென்று விடாத கவ்வி, போகிற போக்கில் வாலைப் பிடித்து இழுக்கும்.

தட்டினாள். விழவில்லை. இன்னும் பலமாகத் தட்டினாள். அம்பு ஆடியது, விழவில்லை. அடுத்த அம்பு ஒரே தட்டில் விழுந்தது. அதற்கடுத்தது விழவே இல்லை.

"என்னாச்சு?"

"பேசாதீங்க."

ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். பார்வைக்குக் கவ்வி சுத்தமாகத்தான் இருந்தது. மெல்லிய ஊசியை எடுத்துப் பிளவின் அடியில் விட்டு வழித்தாள். காய்ந்த பொருக்கு ஒன்று, வெளிர்மஞ்சளாக, நகத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. மூக்கருகே கொண்டு போனாள்.

சந்தனம்.

 பிறகு இறகின் வேர்களைப் பிரித்துப் பார்த்தாள். ஓர் இடத்தில் குங்குமத்தின் சிவப்பு, துணியால் துடைத்தும் போகாமல், மயிரிழை போல ஒட்டியிருந்தது. அம்பை அவள் கொடுத்தது ஆயுத பூசைக்கு முந்தின நாள். அமிர்தவல்லி பூசையில் வைத்திருக்கிறாள். கூட்டில் அம்புகள் வால் மேலே, முனை கீழே நிற்கும். பொட்டு வைக்கிறவர்கள் எதற்கும் உச்சியில்தான் வைப்பார்கள். அமிர்தவல்லியின் கண்ணுக்கு உச்சி எது? கவ்வி. ஒவ்வொன்றின் தலையிலும் விரலால் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்திருக்கிறாள். பிறகு யாரோ துடைத்திருக்கிறார்கள். துடைத்ததில் வெளியே இருந்தது போய்விட்டது, உள்ளே இருந்தது இன்னும் உள்ளே போய்விட்டது.

"சரிதாதான் தொடைச்சிருக்கா" என்றாள் ரூமானா. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அவளுக்குத் தெரியும். சந்தனம் இருந்தது தெரியும். தெரிஞ்சுக்கிட்டே என்னச் சொன்னா."

"உள்ள போனது தெரிஞ்சிருக்காது" என்றார் ஜலால்.

"நீங்க அவ பக்கமா?"

"நான் ஒன் பக்கம். அதனாலதான் சொல்றேன், இத வெளியில சொல்லாத. கழுவிச் சுத்தம் பண்ணிக் குடுத்துடு."

"ஏன் சொல்லக் கூடாது?"

ஜலால் தாடியைத் தடவினார். "நீ கவ்வியச் சொல்லுவ. கேக்கறவன் காதுல சாமிக்கு வெச்ச சந்தனம்னு மட்டும்தான் விழும். ரூமானா பூசை பண்ணதக் குத்தம் சொன்னான்னு அந்தத் தோப்புல ஒருத்தன் பேசினாப் போதும். இப்ப காலம் எப்படி இருக்குதுன்னு நான் ஒனக்குச் சொல்லணுமா?"

அதுவரை ஒரு பெண்ணின் மேல் இருந்த கோபம் அப்போது எங்கெங்கோ பரவியது. எதிரில் இருப்பது காய்ந்த சந்தனம். தூசி போனாலும், சோறு போனாலும், பிளவு அடைத்துக்கொள்ளும். அதைச் சொல்ல ஒரு மனுஷி தன் பெயரையும் தலையில் போட்ட முக்காட்டையும் முதலில் எடை போட்டுப் பார்க்க வேண்டுமா? இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டு, இத்தனை வருஷம் இந்தக் கையால் அவர்கள் தூண்டிலும் நாணும் கட்டி?

"கடையில நீங்க என்னா பண்றீங்க? ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் செல்வகுமார் தராசுக்குப் பொட்டு வெக்கிறான் இல்ல?"

செல்வகுமார் கடையில் வேலை செய்பவர். ஜலால் தயங்கினார்.

"தராசு முள்ளு கிட்ட மட்டும் வெக்காதப்பான்னு முன்னாடியே சொல்லிடுவேன். அவன் தட்டுக்கு அடியில வெப்பான். அதோட சரி. எங்களுக்குள்ள ஒரு வார்த்தை வந்ததில்ல."

முன்னாடியே சொல்லிவிடுவார். ரூமானா ஊசியை மேசையில் வைத்தாள். ஆயுத பூசைக்கு முந்தின நாள் அம்பைக் கொடுத்தபோது அவளுக்கு அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதுமட்டுமா? மரத்துக்குப் பின்னால் குனிந்து இழுக்கும்போது அம்பு நாணைவிட்டு நழுவுகிறது என்று சரிதா ஒரு தடவை சொன்னதற்காக, இந்த முறை வேண்டுமென்றே ஒரு அளவு இறுக்கமான கவ்வியைத் தேர்ந்திருந்தாள். தட்டினால் விழும், ஆனால் கொஞ்சம் யோசித்து விழும். அந்த இறுக்கத்தில் ஒரு பொருக்குச் சந்தனம் போதும். கோபத்தில் கொஞ்சம் அவள் பக்கமும் திரும்பியது. அதற்காக மற்றவர்கள் பங்கு குறைந்துவிடவில்லை.

"நான் போறேன்" என்றாள்.

"எங்க?"

"அரியாங்குப்பம். தோப்புல சொல்லல. வெச்சவங்க கிட்டயே சொல்றேன்."

முருங்கப்பாக்கம் தாண்டி ஆற்றுப் பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு ஊர்ந்தன. அந்தப் பாலம் முழுக்க அவள் மனதுக்குள் அமிர்தவல்லியிடம் பேசிக்கொண்டே போனாள். ஒவ்வொரு தடவையும் முதல் வாக்கியம் வேறாக இருந்தது.

அமிர்தவல்லி கொல்லையில் வான்கோழிகளுக்குக் கீரை நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். ரூமானாவைப் பார்த்ததும் அரிவாள்மணையை மடக்கவில்லை.

"வா பாயம்மா. என் பொண்ணு நேத்துலேருந்து சோறு துன்னல. வந்து பாத்துட்டுப் போ."

"நேத்துலேருந்து நானும் துன்னல."

"நீ துன்னா என்னா, துன்னாட்டி என்னா? போட்டி ஒனக்கா? அது எத்தினி வெள்ளன எழுந்து, வேலைக்கும் போயி, கையெல்லாம் காப்புக் காச்சு எய்யுது தெரியுமா? நல்லதாப் பாத்து செஞ்சு குடுன்னுதான நல்ல இறகா பொறுக்கிக் குடுத்தேன்?"

"நல்லாத்தான் செஞ்சேன். ஒங்க பொண்ணு வில்லு எங்க? எடுத்துட்டு வாங்க."

"எதுக்கு?"

"எடுத்துட்டு வாங்கக்கா. அப்புறம் திட்டுங்க."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, அமிர்தவல்லி எழுந்து போய் வில்லைக் கொண்டுவந்தாள். ரூமானா, தான் கொண்டுவந்த கூட்டிலிருந்து ஓர் அம்பை எடுத்து நாணில் மாட்டித் தொங்கவிட்டாள்.

"தட்டுங்க."

"நானா?"

"நீங்கதான். நாணுல ஒரு தட்டு. விழுந்தா அம்பு நல்ல அம்பு."

அமிர்தவல்லி தட்டினாள். விழவில்லை. பயந்து பயந்து தட்டியதால்தான் விழவில்லை என்று நினைத்து ஓங்கித் தட்டினாள். அம்பு அப்படியே தொங்கியது. ரூமானா அதை எடுத்து, ஊசியால் வழித்து, ஊதிவிட்டு மறுபடி மாட்டினாள். அமிர்தவல்லியின் விரல் பட்டதுமே அம்பு விழுந்தது. பக்கத்தில் நின்ற வான்கோழி ஒன்று கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு ஓடியது.

ரூமானா ஊசி முனையை நீட்டினாள். அமிர்தவல்லி அதையே பார்த்தாள். எதுவென்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அரைத்தது அவள் கைதான்.

"சாமிக்கு வெச்சது எப்படிக் கெடுதி பண்ணும்?" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"சாமி ஒண்ணும் பண்ணல. பூசையும் ஒண்ணும் பண்ணல. காஞ்ச சந்தனம் காரை மாதிரிக்கா. இந்தப் பொளவுதான் நாணை விடணும். இதுல அரிசி மாவு போயிருந்தாலும் இதேதான் ஆவும். நான் குடுக்கறப்பவே இந்த எடத்துல வெக்காதீங்கன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. இத்தினி இறுக்கமா போட்டிருக்கவும் கூடாது. அது என் தப்பு. ஆனா எல்லார் முன்னாடியும் தூண்டில்காரி அம்புன்னு சிரிச்சாங்களே, அதுக்கு நான் என்னாக்கா பண்ணேன்?"

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் உடைந்தது. உடைந்ததற்காக இன்னும் கோபம் வந்தது.

அந்த நேரத்தில்தான் வேலை முடிந்து சரிதா வந்தாள். வில், அம்பு, ஊசி, இரண்டு முகங்கள். அமிர்தவல்லி நடந்ததைச் சொன்னாள். சரிதா அம்மாவின் பக்கம் பாய்ந்தாள்.

"ஒன்ன யாரும்மா அதுல வெக்கச் சொன்னா? கூட்டுல வெச்சா சாமி கோச்சுக்குமா?"

"அவங்களப் பாத்துக் கத்தாத" என்றாள் ரூமானா. "நீ தொடைச்ச இல்ல? நாணுல மாட்டறப்ப இறுக்கமா இருந்தது கைக்குத் தெரிஞ்சிருக்குமே?"

சரிதா உதட்டைக் கடித்தாள். "புது அம்பு, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்... சாரிக்கா."

"இங்க சொல்ற? மூணு பேரும் நாலு வான்கோழியும் இருக்கற எடத்துல?"

"அக்கா, அங்க சொன்னா எங்கம்மாவ எல்லாரும் சிரிப்பாங்க. அம்புக்குப் பொட்டு வெச்ச அம்மான்னு ஆயுசுக்கும் சொல்லுவானுங்க. நீங்க சரி பண்ணிக் குடுங்க, நான் ஜெயிச்சுக் காட்டறேன். அப்ப தானா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

"என்னாடி தெரியும்? ரூமானா மொதல்ல கெட்ட அம்பு குடுத்தா, திட்டு வாங்கினதும் நல்ல அம்பு குடுத்தான்னு தெரியும்."

 ரூமானா அம்புகளைக் கூட்டில் போட்டுக்கொண்டு எழுந்தாள். சனிக்கிழமை வரை நினைத்துப் பார் என்றும் சொல்லவில்லை, அம்பு தர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். அம்பு வரும். மற்றது அவர்கள் பாடு.

பழைய கவ்விகளைச் சுரண்டிச் சுத்தம் பண்ணினால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் ஊசி பட்ட பிளவில் கீறல் விழும். கீறல் நாணின் நூலைப் பிய்க்கும். எல்லாவற்றையும் இடுக்கியால் பிடுங்கி எறிந்தாள். புதுக் கவ்விகளில் ஒரு அளவு தளர்ந்ததை எடுத்தாள். அதே அளவு என்று வந்த கவ்விகளிலும் அச்சில் வித்தியாசம் இருக்கும். ஒவ்வொன்றாக நாணில் மாட்டி, தட்டி, யோசித்து விழுந்ததையும் பறந்து விழுந்ததையும் ஒதுக்கினாள். பிளவு மஞ்சள் இறகுக்குக் குறுக்காக வரும்படி திருப்பிச் செருகினாள். அந்த இறகு வில்லைப் பார்க்காமல் வெளியே பார்த்தால்தான், போகும்போது முட்டாது. குங்குமம் ஒட்டிய இறகை உரித்துவிட்டு வேறு ஒட்டலாமா என்று ஒரு தடவை நினைத்தாள். பிறகு அதைத் தொடவில்லை. அது பறப்பதைக் கெடுக்காது. அவள் எடுத்துக்கொண்ட வேலை பறப்பதைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான்.

வாரம் முழுக்கக் கோபம் அப்படியே இருந்தது. ஆனால் பசை தொடும் நேரத்தில் கையை அது தொடவில்லை. ஜலால் இரண்டு தடவை சிரிக்க வைக்கப் பார்த்தார். மூன்றாவது தடவை அவரே விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தோப்பில் சவுக்கு ஊசிகள் பனியில் நனைந்து கிடந்தன. வெளியூரிலிருந்து தேர்வாளர்கள் வர இன்னும் நேரம் இருந்தது. கிளப்பு ஆட்கள் வில்லுக்கு நாண் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரூமானா வண்டியை நிறுத்தியதும் பேச்சு அடங்கியது. கோபிநாத் எதிரே வந்தார்.

"வாங்க மேடம். அம்பு சரி பண்ணிட்டீங்களா? என்னா பிரச்சனையாம்?"

ரூமானா சரிதாவைப் பார்த்தாள். சரிதா தரையைப் பார்த்தாள்.  அந்த மௌனம் கொஞ்சம் நீண்டிருந்தால் ரூமானா அம்பை அங்கேயே கீழே வைத்துவிட்டுத் திரும்பியிருப்பாள்.

"பிரச்சனை நான்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

பாதையோரம் நின்ற ஆட்டோவுக்குப் பணம் கொடுத்துவிட்டு, நல்ல புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு அமிர்தவல்லி வந்துகொண்டிருந்தாள். அவள் வருவாள் என்று மகளுக்கே தெரியாது என்பது சரிதாவின் முகத்தில் தெரிந்தது.

"அம்மா, நீ ஏம்மா..."

"நீ சும்மா இரு. வாய் இருந்தப்ப நல்லாத்தான பேசுன?" அமிர்தவல்லி நடுவில் வந்து நின்றாள். "ஆயுத பூசைக்கு அம்புக்குப் பொட்டு வெச்சது நான். அதுக்கு எது தலை, எது வாலுன்னு எனக்குத் தெரியல. நாணு கவ்வற எடத்துல சந்தனத்த அப்பிட்டேன். அது காஞ்சு புடிச்சுக்கிச்சு. அம்பு மேல ஒரு தப்பும் இல்ல. சிரிக்கறவங்க இப்ப சிரிச்சுடுங்க, நான் கோழிக்குத் தீனி வெக்கப் போவணும்."

யாரும் சிரிக்கவில்லை. கோபிநாத் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, "எங்க வீட்டுலயும் என் வில்லுக்கு வெப்பாங்க" என்றார். பிறகு, "வெச்சதுக்கப்புறம் நானும் தொடைப்பேன்" என்று சேர்த்தார். தன் வில்லைத் தூக்கி நாணின் நடுவைக் கண்ணருகே கொண்டு போனார். இன்னும் இரண்டு மூன்று பேர் தங்கள் அம்பின் வாலை எடுத்துப் பார்த்தார்கள்.

"அப்ப ரெடிமேட் வாங்கறது, மாஸ்டர்?" என்று ஒருவர் கேட்டார்.

"அத இப்ப யார் பேசுனா?" என்றார் கோபிநாத்.

ரூமானாவுக்கு அது போதவில்லை. அவள் சரிதாவின் முன்னால் போய் நின்றாள். கூடு அவள் தோளிலேயே இருந்தது. நீட்டவில்லை.

"அம்மா சொல்லிட்டாங்க. அவங்க செஞ்சத அவங்க சொன்னாங்க. நீ பேசுனது?"

சரிதாவின் கண் கலங்கியது. நிமிர்ந்து, தோப்பு முழுக்கக் கேட்கிற அதே குரலில் சொன்னாள்:

"தூண்டில் கட்டற வீடுன்னு நான் சொன்னது தப்பு. அக்கா அம்பு நல்ல அம்பு. இறுக்கமா இருந்தது எனக்குத் தெரிஞ்சும் நான் கேக்கல."

"தூண்டில் கட்டற வீடுதான். அதுல தப்பில்ல" என்றாள் ரூமானா. "மாட்டிப் பாரு. ஒரு அளவு தளத்தியிருக்கேன். குனிஞ்சு இழுக்கறப்ப நழுவினா கையை மெதுவா எடு, அம்பத் திட்டாத."

அவள் முகத்தில் சிரிப்பு எதுவும் வரவில்லை. கோபம் இன்னும் அங்கேயே இருந்தது, அது போக நாளாகும். கூட்டின் வாரைத் தோளிலிருந்து கழற்றி, அம்புகளின் இறகு நசுங்காமல் அடியில் ஒரு கை கொடுத்து, சரிதாவின் இரண்டு கைகளிலும் வைத்தாள்.